நிக்காஹ் ஏடும் அரசாங்க ஏடும்



2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் தூத்துக்குடி மாவட்டத்தின் மீது இறங்கிய மழையை நம்மில் எவரும் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. அது நமது கடற்கரையில் ஓராண்டு முழுதும் பெய்ய வேண்டிய மழையினும் மிகுதியாகும். வெள்ளம் வடிந்த பின்னர் வெயிலில் உலர்த்தப் போடப்பட்டவை துணிமணிகள் மட்டுமா? காகிதங்களும் அல்லவா? குடும்ப அட்டை, வீட்டுப் பத்திரம், பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ், கடவுச்சீட்டு ஆகியவற்றுக்கெல்லாம் மூலம் வேறோர் இடத்தில் இருக்கின்றது. முறைப்படி கேட்டால் மறுபிரதி கிடைக்கும். ஆனால் பள்ளிவாசலில் எழுதித் தரப்பட்ட நிக்காஹ் சான்றின் மை கரைந்து, அதன் மூலமாகிய தஃப்தரும் அதே ஊரில், அதே வெள்ளத்தில் ஓர் அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்திருக்குமானால், மறுபிரதி எங்கிருந்து வரும்?

இக்கேள்வியை எழுப்புவதற்குக் காரணம் உண்டு. தமிழ்நாட்டில் நடைபெறும் ஒவ்வொரு திருமணமும், எந்தச் சமயத்தின் முறைப்படி நடந்தாலும், அரசாங்கத்திடம் பதிவு செய்யப்பட வேண்டும் என்று தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம், 2009 பணிக்கின்றது. அச்சட்டம் 2009 நவம்பர் 24 முதல் நடைமுறையில் இருக்கின்றது. சமய முறைப்படியான ஏட்டில் எழுதப்பட்டிருப்பது போதும் என்று அது விட்டுவிடவில்லை. அந்த ஏட்டில் இருந்தாலும் இந்த ஏட்டிலும் எழுதப்பட வேண்டும் என்பதே அதன் கட்டளை. ஆண்டுகள் பல கடந்த பின்னும் நமது குடும்பங்களில் இதனைக் கண்டுகொள்ளாதவர் பலர். வெளிநாட்டுக்கு மனைவியை அழைத்துச் செல்ல விசா கேட்கும்போதுதான் பலருக்கு இந்தச் சட்டம் நினைவுக்கு வருகின்றது. அதற்குள் குறித்த கெடு கடந்திருக்கும்.

இச்சட்டத்தின் பின்னணியில் ஓர் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருக்கின்றது. சீமா எதிர் அஸ்வினி குமார் என்னும் வழக்கில் 2006 பிப்ரவரி 14 அன்று நீதிபதிகள் அரிஜித் பசாயத், எஸ்.எச். கபாடியா ஆகியோர், எச்சமயத்தவராயினும் இந்தியக் குடிமக்களின் திருமணங்கள் கட்டாயமாகப் பதிவு செய்யப்பட வேண்டும் என்று எல்லா மாநிலங்களுக்கும் ஆணையிட்டனர். பதிவு என்பது தன்னளவில் ஒரு திருமணத்தைச் செல்லத்தக்கதாக ஆக்கிவிடாது என்பதையும், ஆயினும் அது வலுவான சாட்சியம் என்பதையும் நீதிமன்றம் தெளிவுபடுத்திற்று. இந்த வேறுபாட்டை நாம் நன்கு மனத்தில் இருத்த வேண்டும். நிக்காஹை நிக்காஹ் ஆக்குவது ஈஜாபும் கபூலும், சாட்சிகளும், நமது கரையில் பெரும்பான்மையோர் பின்பற்றும் ஷாஃபி மத்ஹபின்படி வலீயும் ஆகும். சார்பதிவாளரின் முத்திரை அதனை ஆக்குவதுமில்லை. அந்த முத்திரை இல்லாததால் மட்டும் நிக்காஹ் முறிந்து போவதுமில்லை. நடந்ததை நடந்ததென்று பின்னாளில் மெய்ப்பிப்பதற்கே அம்முத்திரை.

அப்படியானால் மார்க்கத்தில் இல்லாத ஒன்றை நம்மீது சுமத்துகிறார்களா என்று கேட்பவர்கள் உண்டு. திருமறையின் மிக நீண்ட வசனம் எதனைப் பற்றியது என்று அவர்கள் சற்றே சிந்திக்கட்டும். இரண்டாம் அத்தியாயத்தின் 282ஆம் வசனம் தொழுகையைப் பற்றியதன்று, நோன்பைப் பற்றியதன்று. தவணை குறித்த கடனை எழுதி வைப்பதைப் பற்றியது. எழுதத் தெரிந்தவர் எழுத மறுக்கலாகாது, கடன்பட்டவரே வாசகத்தைச் சொல்ல வேண்டும், அவரால் இயலாவிடில் அவருடைய பொறுப்பாளர் நேர்மையுடன் சொல்ல வேண்டும், சிறிதாயினும் பெரிதாயினும் எழுதுவதில் சோர்வு கூடாது என்றெல்லாம் அவ்வசனம் வகுத்துக் கொண்டே செல்கின்றது. அதனைக் கட்டாயக் கடமை என்னாது விரும்பத்தக்கது என்றே மார்க்க அறிஞருள் பெரும்பாலோர் கொண்டனர். எனினும் பின்னர் தருவதாக ஒப்புக்கொண்ட மஹர் கடனன்றி வேறென்ன? பத்துப் பவுன் கடனுக்குப் பத்திரம் எழுதச் சொல்லும் மார்க்கம், திருமறையே உறுதிமிக்க உடன்படிக்கை என்று பெயரிட்ட (4:21) ஒன்றை வாய்ச்சொல்லோடு விட்டுவிட விரும்புமா? திருமணத்தை மறைக்காது ஊரறிய அறிவிக்க வேண்டுமென்று பெருமானார் (ஸல்) அவர்கள் பணித்ததன் நோக்கமும் இதுவேயாகும்.

ஊரறிதல் என்பதில்தான் இன்று பெரிய மாற்றம் நேர்ந்திருக்கின்றது. பழைய காயல்பட்டினத்தை எண்ணிப் பாருங்கள். மணமகன் பெண் வீட்டுக்கு வந்து குடியேறுவது அவ்வூரின் வழக்கம். வீடு பெண்ணுக்கு உரியது. இன்னார் மகளுக்கும் இன்னார் மகனுக்கும் நிக்காஹ் ஆயிற்று என்பதற்குத் தெருவே சாட்சி. வாப்பா பெயரையும் வீட்டுப் பெயரையும் சொன்னால் நான்கு தலைமுறை வரையில் சொல்லக்கூடிய முதியவர் ஒவ்வொரு திண்ணையிலும் இருந்தார். கணவர் கொழும்பில் வாணிபம் செய்து ஆண்டுக்கொரு முறை வந்தாலும் அந்தப் பெண்ணின் நிலை அசைக்க முடியாததாக இருந்தது. ஏனெனில் அவள் இருந்தது தன் தாயின் வீட்டில், தன்னை அறிந்தவர்களுக்கு நடுவில். அக்காலத்தில் தஃப்தர் ஓர் அலங்காரமே. மெய்யான ஏடு ஊராரின் நினைவு.

இன்று அந்த நினைவு சிதறிவிட்டது. மணமகன் தம்மாமில், மணமகள் சென்னையில் ஒரு வாடகைக் குடியிருப்பில், சாட்சிகளில் ஒருவர் ஹாங்காங்கில், மற்றொருவர் கொழும்பில் என்றாகிவிட்டது. நிக்காஹ் ஓதி வைத்த ஆலிம் வேறோர் ஊருக்குப் பணிமாறிச் சென்றிருப்பார். திண்ணையே இல்லாத வீடுகளில் திண்ணைச் சாட்சி ஏது?

கடலை நம்பி வாழும் குடும்பங்களுக்கு இக்கேள்வி இன்னும் கூர்மையானது. தூத்துக்குடியிலிருந்து தோணியில் செல்பவர், வணிகக் கப்பலில் பணிபுரிபவர், சங்குகுளிப்பவர் ஆகியோருள் ஒருவர் திரும்பி வரவில்லை என்று வைத்துக் கொள்ளுங்கள். இழப்பீட்டுக்காக வரும் அதிகாரி முதலில் கேட்பது எதனை? இறந்தவருக்கு நீங்கள் என்ன உறவு என்பதனை. 2017 நவம்பர் இறுதியில் ஓகி புயல் வீசியபோது கடலுக்குச் சென்ற மீனவர் பலருடைய உடல்கள்கூடக் கரை சேரவில்லை. துயரத்தின் நடுவே வாரிசுகள் யாவர் என்று நிறுவ வேண்டிய கட்டாயம் அவர்தம் குடும்பங்களுக்கு ஏற்பட்டது. பெருந்துயரில் அரசாங்கம் இரங்கும்; ஊடகங்கள் நோக்கும். தனித்த ஒரு விபத்தில், அயல்நாட்டுத் துறைமுகம் ஒன்றில், ஒருவர் இறந்தால் அவருடைய மனைவிக்காக நோக்குவார் யார்? காகிதம் ஒன்றே பேசும்.

நம் அண்டை வீட்டாராகிய கத்தோலிக்கப் பரதவரைப் பாருங்கள். அவர்களுடைய கோயில்களிலும் மண ஏடு உண்டு. ஆயினும் 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி அவ்வேட்டின் பதிவுகளைக் குருக்கள் குறித்த காலத்தில் அரசாங்கப் பதிவாளருக்கு அனுப்பியாக வேண்டும். அதாவது அவர்களுடைய ஏட்டுக்கு நூற்றைம்பது ஆண்டுகளாக இரட்டைப் பிள்ளை ஒன்று அரசாங்கத்திடம் வளர்ந்து வருகின்றது. நமது தஃப்தருக்கு அப்படியொன்று இல்லை. பல ஜமாஅத்துகள் தஃப்தரை மிகுந்த கவனத்துடன் பேணுகின்றன என்பதை நன்றியுடன் சொல்ல வேண்டும். வேறு சில இடங்களில் மணமகளின் வயது என்னும் இடம் வெறுமையாக விடப்பட்டிருப்பதும், சாட்சியின் கையொப்பம் படிக்க முடியாத கிறுக்கலாக இருப்பதும் உண்மையே.

அரசாங்கம் என்றாலே நம்மவருள் ஒரு தயக்கம் எழுகின்றது. அதற்குக் காரணமில்லை என்று சொல்ல மாட்டோம். அஸ்ஸாமில் முஸ்லிம் திருமணங்களையும் மணவிலக்குகளையும் காஜிகள் பதிவு செய்ய வழிவகுத்த 1935ஆம் ஆண்டுச் சட்டம் 2024இல் நீக்கப்பட்டது. பதிவுப் பொறுப்பு அவர்களிடமிருந்து அரசாங்கத்துக்கு மாற்றப்பட்டது. உத்தரகண்டில் 2025 ஜனவரி 27 முதல் நடைமுறைக்கு வந்த பொதுச் சிவில் சட்டம் அறுபது நாள்களுக்குள் பதிவு செய்யச் சொல்வதோடு நிற்கவில்லை. மணவிலக்கு, வாரிசுரிமை ஆகியவற்றிலும் ஷரீஅத்தை அகற்றித் தன் விதிகளை வைத்துவிட்டது. இவற்றைப் படிக்கும் ஒருவர், இன்று பதிவு, நாளை ஷரீஅத் என்று அஞ்சுவாராயின் அவரைக் குறை சொல்வதற்கில்லை.

ஆனால் இரண்டு செய்திகளை இங்கே கலந்துவிடக் கூடாது. உத்தரகண்டில் நடந்தது சட்டத்தையே மாற்றியது. தமிழ்நாட்டின் 2009ஆம் ஆண்டுச் சட்டம் நிக்காஹ் எவ்வாறு நடைபெற வேண்டும் என்று ஒரு சொல்லும் சொல்லவில்லை. நடந்ததைத் தெரிவியுங்கள் என்கின்றது. இதனைப் புறக்கணிப்பதால் அதனைத் தடுத்துவிட இயலாது. உண்மையில் அஸ்ஸாம் அரசாங்கம் எடுத்து வைத்த வாதம் என்ன? பழைய சட்டம் வயது நிரம்பாதோரின் மணத்தையும் பதிய இடமளித்தது, பதிவு கட்டாயமாக இல்லை என்பதே. அந்த வாதத்தின் பின்னால் வேறு நோக்கமும் இருந்ததா என்பதை வாசகர் தம் அறிவால் தீர்மானிக்கட்டும். நமது ஏட்டில் ஓட்டை இருக்கும்வரை அதனைச் சுட்டிக் காட்டுபவரின் வாய்க்கு நாமே வெற்றிலை மடித்துக் கொடுக்கிறோம்.

வரலாற்றையும் சற்று நோக்குவோம். ஆங்கில அரசாங்கம் 1864இல் காஜிகளை நியமிக்கும் பொறுப்பைக் கைவிட்டது. அதனால் கலங்கியவர் யார் தெரியுமா? முஸ்லிம்களே. திருமணங்களுக்கு அரசாங்கம் நியமித்த காஜி வேண்டும் என்னும் வழக்கம் சில பகுதிகளில் வேரூன்றியிருந்தது. சென்னை மாகாணம் அவற்றுள் முதன்மையானது. அதன் விளைவாகவே 1880ஆம் ஆண்டின் காஜிகள் சட்டம் பிறந்தது. சட்டமன்றத்தில் அதற்காக முன்னின்றவர் சர் சையித் அகமது கான். அச்சட்டம் தொடக்கத்தில் நேரடியாக நடைமுறைக்கு வந்தது சென்னை மாகாணத்தில்தான். அரசாங்கத்தின் கை நிக்காஹில் படக்கூடாது என்று இன்று பேசுவோர், அந்தக் கையை வேண்டி வருவித்தவர்கள் நம் முன்னோர்களே என்பதை அறிந்திருக்க மாட்டார்கள். அச்சட்டத்தின் நான்காம் பிரிவு மற்றொன்றையும் சொல்கின்றது: காஜிக்கு நீதிபதியின் அதிகாரம் இல்லை, காஜி இருந்தால்தான் நிக்காஹ் நிறைவேறும் என்பதும் இல்லை. காஜிகள் வழங்கும் தலாக் சான்று நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது, அது ஒரு கருத்துரை மட்டுமே என்று 2017இல் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது இப்பிரிவின் வழிவந்த முடிவேயாகும். நமக்குள் பெருமதிப்புடைய ஒரு தாள் நீதிமன்றப் படியேறும்போது எவ்வளவு எடை தாங்கும் என்பதை இதிலிருந்து உணரலாம்.

நம் முன்னோர் அரசாங்கக் கணக்கருக்கு முன் நிற்க அஞ்சியவர்களுமல்லர். இதே கரையில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், கடைசியாக 1961இல் முடிவுற்ற தொடர் வரையில், படகுகள் கொண்டுவந்த சிப்பிகள் கரையில் எண்ணிப் பிரிக்கப்பட்டன. மூன்றில் இரு பங்கு அரசாங்கத்துக்கு, ஒரு பங்கு குளிகாரருக்கு. காயலிலும் கீழக்கரையிலுமிருந்து வந்த முஸ்லிம் குளிகாரர்கள் அந்த எண்ணிக்கையை ஏற்றது அரசாங்கத்தின் மீதுள்ள காதலால் அன்று. எண்ணப்படாத சிப்பியில் தம் பங்கைக் கேட்க முடியாது என்று தெரிந்ததால்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையைச் சற்று விரித்தே சொல்ல வேண்டியிருக்கின்றது. பதிவு அலுவலகத்தில் திருமணத்தைப் பதிய ஒரே வழிதான் உண்டு என்று எண்ணிவிடாதீர்கள். 1954ஆம் ஆண்டின் தனித் திருமணச் சட்டம் என்று மற்றொன்று இருக்கின்றது. அதில் முப்பது நாள் அறிவிப்பு ஒட்டப்படும். முன்னரே நிக்காஹ் செய்துகொண்டவர்களும் அதன் பதினைந்தாம் பிரிவின்படி பதிந்துகொள்ளலாம். ஆனால் அப்படிப் பதிந்த முஸ்லிம் தம்பதியரின் சொத்து, அச்சட்டத்தின் 21ஆம் பிரிவின் விளைவாக, ஷரீஅத்தின்படி பங்கிடப்படாது. 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படியே பங்கிடப்படும். 2023 மார்ச்சில் கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்தில் ஒரு முஸ்லிம் வழக்கறிஞரும் அவர்தம் மனைவியும், தங்கள் பெண்மக்களுக்கே முழுச் சொத்தும் சேர வேண்டுமென்று கருதி, பல்லாண்டுகளுக்கு முன் நடந்த தம் நிக்காஹுக்குப் பின்னர் இச்சட்டத்தின்கீழ் மீண்டும் மணம் பதிந்துகொண்டனர். அவர்கள் விளைவை அறிந்து செய்தார்கள். அது சரியா தவறா என்னும் வாதம் இங்கே நம் பொருளன்று. நமது கவலையெல்லாம், விளைவை அறியாமல் செய்பவர்களைப் பற்றியதே. 2009க்கு முன் மணந்தவர்களுக்குப் புதிய சட்டம் பொருந்தாது. அவர்கள் விசாவுக்காக அவசரத்தில் ஓர் இடைத்தரகரை நாடும்போது, அவர் நீட்டும் படிவம் எந்தச் சட்டத்தினுடையது என்று படித்துப் பாராமலே கையொப்பமிடுவதுண்டு. ஒரு கையொப்பத்தால் தம் வாரிசுகளின் பாகப் பிரிவினையே மாறிவிட்டது என்பது தந்தை மறைந்த பின்னரே பிள்ளைகளுக்குத் தெரிய வருமானால், அதனை யாரிடம் சொல்லி அழுவது? படிவத்தின் தலைப்பைப் படியுங்கள். விளங்காவிடில் விளங்கியவரைக் கேளுங்கள்.

கடலுக்கு அப்பால் இலங்கையில் நம் உறவினர் பலர் இருப்பதால் அங்குள்ள நிலையையும் சொல்லுவோம். அங்கே முஸ்லிம்களுக்கென எழுதப்பட்ட சட்டம் 1806 முதலே உண்டு. இன்று நடப்பிலிருப்பது 1951ஆம் ஆண்டின் 13ஆம் எண் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம். பதிவாளரும் முஸ்லிமே, காதி நீதிமன்றமும் முஸ்லிம்களுக்கு உரியதே. பதிவு செய்வது மணமகன், பெண்ணின் வலீ, நிக்காஹ் நடத்தியவர் ஆகியோரின் கடமை. நம்மவருள் பலர் பெருமூச்செறியும் அமைப்பு இது. ஆயினும் அச்சட்டத்தின் பதிவுப் பத்திரத்தில் மணமகளின் கையொப்பம் கோரப்படவில்லை. அங்குள்ள முஸ்லிம் பெண்களே இதனைச் சுட்டிக்காட்டிக் குரல் எழுப்பினர். 2009இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் அமைக்கப்பட்ட குழு தன் அறிக்கையை ஒப்படைத்தது 2018இல். ஏடு நம் கையில் இருந்தாலே போதாது. அதில் எவருடைய கை எழுதுகிறது என்பதும் கேள்விதான். கன்னிப் பெண்ணிடமும் சம்மதம் கேட்கப்பட வேண்டும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் போதித்திருக்க, அவளுடைய பெயருக்கு நேரே அவளே ஒப்பமிடுவதில் எவருக்கு என்ன இழப்பு? தமிழ்நாட்டின் அரசாங்கப் படிவத்தில் மணமகளும் கையொப்பமிட்டாக வேண்டும்.

இதனால் தஃப்தர் தேவையற்றதாகிவிட்டது என்று எவரும் கருத வேண்டாம். அரசாங்கச் சான்றிதழில் பெயர், வயது, முகவரி, நாள் ஆகியவை இருக்கும். மஹர் எவ்வளவு, அது அப்போதே கொடுக்கப்பட்டதா, கடனாக நிற்கிறதா என்பது அதில் இராது. அதனைச் சொல்வது தஃப்தர் ஒன்றே. மணவிலக்கு நேர்ந்து, 1986ஆம் ஆண்டின் முஸ்லிம் பெண்கள் சட்டத்தின் மூன்றாம் பிரிவின்படி ஒரு பெண் தன் மஹரைக் கோரும்போது நீதிமன்றத்தில் விரிக்கப்படுவது அந்தப் பக்கமேயாகும். வெளியூர் மணமகனுக்கு அவருடைய ஜமாஅத்திலிருந்து கடிதம் வாங்கி வரச் சொல்லும் நமது பழைய வழக்கமும் அரசாங்கத்தால் செய்ய முடியாத ஒரு பணியைச் செய்கின்றது. அவருக்கு வேறு மனைவி உண்டா, முன்னைய மணம் எவ்வாறு முடிந்தது என்பதை அவருடைய மஹல்லா அறிந்த அளவு எந்த அலுவலகமும் அறியாது. அந்தக் கடிதத்தைச் சடங்காக எண்ணித் தொலைபேசியிலேயே சொல்லி முடித்துவிடும் போக்கு இப்போது பரவி வருவது நல்லதன்று.

நடைமுறைக்கு வருவோம். மணநாளிலிருந்து 90 நாள்களுக்குள் சார்பதிவாளரிடம் படிவம் சேர வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்துடன் மேலும் 60 நாள்கள் உண்டு. அதற்குப் பின் வழி கடினம். தொடக்கத்தில் மணம் நடந்த ஊரின் அலுவலகத்துக்கே செல்ல வேண்டியிருந்தது. 2020இல் செய்யப்பட்ட திருத்தம் மணமக்கள் வசிக்கும் ஊரிலும் பதிய இடமளித்தது. மணமக்கள் இருவரின் கையொப்பம், சாட்சிகள், வயதுக்கும் முகவரிக்கும் ஆதாரம், நிழற்படங்கள், நிக்காஹ் நடந்ததற்கான ஜமாஅத்தின் சான்று ஆகியவை வேண்டும். பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 நிறைந்திருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இதில் ஜமாஅத்துகள் செய்யக்கூடியது மிக எளியது. தஃப்தரில் கையொப்பம் வாங்கும் அதே மேசையில், அதே வேளையில், அரசாங்கப் படிவத்தையும் வைத்துவிடலாம். சாட்சிகள் அங்கேயே இருக்கிறார்கள். நிக்காஹ் ஓதி வைத்தவரும் இருக்கிறார். தஃப்தரின் ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து வேறோர் ஊரிலுள்ள பொறுப்பாளரிடம் ஒரு பிரதி வைத்தால், அடுத்த வெள்ளத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை. இதற்கென்று தனியே நிதி திரட்ட வேண்டுமா? பந்தலுக்கு ஆகும் செலவில் நூறில் ஒரு பங்குகூட ஆகாது.

பெற்றோருக்கு ஒரு சொல். வளைகுடாவிலிருந்து வரும் மணமகனுக்கு விடுமுறை பெரும்பாலும் முப்பது அல்லது நாற்பது நாள்கள். அதில் பாதி விருந்துகளில் கழிந்துவிடும். அவர் விமானமேறிய பின்னர் அவருடைய கையொப்பத்துக்காகக் காத்திருப்பதைவிட, நிக்காஹுக்கு நாள் குறிக்கும்போதே சார்பதிவாளர் அலுவலகத்துக்கும் ஒரு நாளைக் குறித்துக் கொள்ளுங்கள். வலீமா முடிந்த மறு திங்கட்கிழமை பொருத்தமானது.